பிப்ரவரி 1, பிரிஜிட் திருநாள்: அயர்லாந்தை விட்டு வந்தபின் எப்படிக் கொண்டாடுவது?

யாராக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஏழு ஆண்டுகள் கில்டேர் மாவட்டத்தில் இருந்துவிட்டுச் சென்ற செப்டம்பரில் மெல்பர்னுக்குக் குடிவந்தோம். மகளுக்கு எட்டு வயது. அவளுக்கு நினைவு தெரிந்த ஊர் கில்டேர்தான்.

நேற்றுக் காலை அவள் என்னிடம், "அம்மா, இங்கே கோரை எங்கே கிடைக்கும்?" என்று கேட்டாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் நாள்காட்டியைப் பார்த்தேன். ஜனவரி பாதி கடந்துவிட்டது. அங்கே இருந்தவரை ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 31 மாலையில் பக்கத்து வீட்டு மூதாட்டியின் சமையலறையில் உட்கார்ந்து, அயர்லாந்தின் புனிதை பிரிஜிட்டின் பெயரால் வழங்கும் சிலுவையைக் கோரையால் பின்னுவாள். அவர் எங்களுக்கு உறவில்லை, ஆனால் மகள் அவரைப் பாட்டி என்றுதான் அழைப்பாள். சென்ற ஆண்டு பின்னிய சிலுவையைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாம் என்றிருந்தேன். உலர்ந்த புல்லை இந்நாட்டுக்குள் கொண்டுவர விடமாட்டார்கள் என்று கேள்விப்பட்டு அதை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தோம்.

இங்கே இப்போது கடும் கோடை. லா ஏலே பிரீஜெ என்று ஐரிஷ் மொழியில் சொல்லும் பிப்ரவரி 1-ஆம் நாளோ அங்கே வசந்தத்தின் முதல் நாள். வெயில் கொளுத்தும்போது வசந்தத்தை வரவேற்பதில் பொருள் உண்டா? நாங்கள் ஐரிஷ்காரர்களும் அல்ல, கத்தோலிக்கர்களும் அல்ல. ஆனால் குழந்தைக்கு இது அவளுடைய பண்டிகை. விட்டுவிட மனம் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

---

லிஃபிக்கரை எழுதியது:

தங்கையே, நான் கில்டேரிலேயே நியூபிரிட்ஜில் இருக்கிறேன். பதினான்கு ஆண்டுகளாக இங்கே செவிலியர் வேலை. உன் மகளின் கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இது மார்ச் 17 அன்று வரும் புனித பாட்ரிக் திருநாள் போல ஊர்வலமும் மேளமுமாகத் தெருவில் நடக்கும் பண்டிகை அன்று. வீட்டு வாசலிலும் அடுப்படியிலும் நடப்பது. ஆகையால் எந்த ஊருக்குப் போனாலும் கூடவே வரும். வாசல் ஒன்று இருந்தால் போதும்.

முந்தின நாள் மாலைதான் முக்கியம். ஈரமான வயலோரத்தில் கோரையைக் கையால் பிடுங்கி வருவார்கள். அறுக்கக் கூடாது, பிடுங்க வேண்டும் என்பது பழைய வழக்கம். விவசாயிகளுக்கு அது களைதான். கேட்டால் மகிழ்ச்சியோடு, எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்பார்கள். பொழுது சாய்ந்ததும் வீட்டில் ஒருவர் கோரைக் கட்டோடு வெளியே போய்க் கதவைத் தட்டுவார். "முழந்தாளிடுங்கள், கண்களைத் திறவுங்கள், பிரிஜிட்டை உள்ளே விடுங்கள்" என்று ஐரிஷில் சொல்வார். உள்ளே இருப்பவர்கள் "ஷே பஹா, ஷே பஹா" என்பார்கள். நல்வரவு என்று பொருள். அதன் பிறகுதான் பின்னல், சாப்பாடு எல்லாம். சாப்பாடு என்றால் மசித்த உருளைக்கிழங்கில் முட்டைக்கோஸ் கலந்து, நடுவில் குழி செய்து வெண்ணெய் உருக விடும் கோல்கானன். பிரிஜிட் பால்மாட்டுக்கும் வெண்ணெய்க்கும் காவல். அன்றைக்கு வெண்ணெயில் கணக்குப் பார்க்கக் கூடாது.

படுக்கப் போகும் முன் ஒரு துணித்துண்டையோ நாடாவையோ ஜன்னலுக்கு வெளியே, அல்லது ஒரு புதரின் மேல் போட்டு வைப்பார்கள். இரவில் பிரிஜிட் அந்த வழியே போகும்போது அதைத் தொடுகிறாள் என்பது நம்பிக்கை. பிராட் பிரீஜெ என்று பெயர். பிரிஜிட்டின் போர்வை. தலைவலிக்கு அதை நெற்றியில் கட்டுவார்கள், பேறுகாலத்தில் பெண்ணின் அருகில் வைப்பார்கள், கன்று ஈனும் பசுவின் முதுகிலும் போடுவார்கள். என் வார்டில் ஒரு நோயாளி தலையணைக்கு அடியில் பழுப்பேறிய துணி ஒன்றை வைத்திருந்தார். துவைக்கப் போடலாமா என்று கேட்டேன். "அது என் தாயார் ஜன்னலில் போட்டு வைத்த துணி" என்றார். அதன் பிறகு நான் அதைத் தொடவில்லை.

---

ட்ரலீ எழுதியது:

லிஃபிக்கரை அக்கா சொன்னது கில்டேர் வழக்கம். கெர்ரி மாவட்டத்தில் தெருவும் உண்டு. கில்லார்க்ளின் பக்கத்தில் வைக்கோலால் பின்னிய கூம்புத் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு, பிரிஜிட்டின் பொம்மையைத் தூக்கியபடி வீடு வீடாகப் போய்ப் பாடி ஆடுவார்கள். 'பிடி' என்று பெயர். பிரிஜிட் என்பதன் செல்லப் பெயர் அது. இப்போது தீப்பந்த ஊர்வலமாகவும் நடத்துகிறார்கள். பண்ணைக்காரர்கள் அவர்களை வாசலில் நிறுத்தாமல் உள்ளே அழைத்து விருந்து கொடுப்பார்கள். பிடி வந்து போன வீட்டுக்கு அந்த ஆண்டு குறை வராது.

---

பாசையூரான் எழுதியது:

வணக்கம். நான் டொராண்டோவில் இருக்கிறேன். எங்கள் பங்குக் கோயிலில் ஐரிஷ் குடும்பங்கள் நிறைய உண்டு. ஆண்டுதோறும் இந்தத் திருநாளில் சிலுவைகளை ஆசீர்வதித்துக் கொடுப்பார்கள்.

ஒரு வேண்டுகோள். வசந்தம், கோரை, வெண்ணெய் என்று மட்டும் பேசிவிட்டு, புனித பிரிஜிட் என்ற பெண்ணை மறந்துவிட வேண்டாம். மரபின்படி அவர் டன்டாக் நகருக்கு அருகே ஃபோகர்ட்டில் பிறந்தவர். தந்தை ஒரு குறுநிலத் தலைவர், தாய் அவருடைய அடிமைப் பெண். அடிமையின் மகளாய்ப் பிறந்தவர் கில்டேரில் துறவு மடம் அமைத்துத் தலைவியாக இருந்தார். தந்தையின் விலைமதிப்புள்ள வாளைத் தொழுநோயாளி ஒருவருக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார் என்பது புகழ்பெற்ற கதை. ஏறத்தாழ 650-ஆம் ஆண்டளவில் கோகிடோசஸ் என்ற துறவி அவருடைய வாழ்க்கையை லத்தீனில் எழுதினார். ஆண் துறவிகளும் பெண் துறவிகளும் நடுவே தடுப்பு வைத்து ஒரே கோயிலில் வழிபட்டதை அதில் விவரித்திருக்கிறார்.

சிலுவைக்கும் ஒரு கதை உண்டு. மரணப் படுக்கையில் கிடந்த, கிறிஸ்தவர் அல்லாத ஒரு தலைவரின் அருகே பிரிஜிட் அமர்ந்திருந்தார். அக்காலத்தில் வீட்டுத் தரையில் கோரை பரப்பியிருப்பார்கள். அதில் சிலவற்றை எடுத்துப் பின்னியபடியே கிறிஸ்துவைப் பற்றிச் சொன்னார். கேட்டுவிட்டு அவர் ஞானஸ்நானம் பெற்றார். குழந்தைக்கு இந்தக் கதையைச் சொல்லாமல் சிலுவை பின்னக் கற்றுக்கொடுப்பது எனக்குக் குறையாகவே படுகிறது.

---

ஓகம் எழுதியது:

பாசையூரான் அண்ணா, கதையைச் சொல்ல வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் கதை அங்கே தொடங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

காஷெல் நகரின் அரசராகவும் ஆயராகவும் இருந்து 908-இல் போரில் இறந்த கோர்மாக்கின் பெயரால் வழங்கும் பழைய சொற்களஞ்சியம் ஒன்று உண்டு. அதில் பிரிஜிட் என்ற சொல்லுக்கு நேராக, புலவர்கள் வணங்கிய தெய்வம், தாக்டா என்ற பழைய ஐரிஷ் தெய்வத்தின் மகள் என்று எழுதியிருக்கிறது. அதே பெயரில் இரண்டு சகோதரிகள், ஒருத்தி மருத்துவத்துக்கு, ஒருத்தி கொல்லுத் தொழிலுக்கு. எழுதியவர்கள் கிறிஸ்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். மறைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

நாளும் அப்படித்தான். இம்போல்க் என்பது ஆண்டை நான்காகப் பிரிக்கும் பழைய ஐரிஷ் பண்டிகைகளில் ஒன்று. செம்மறி ஆடுகள் மடி சுரக்கும் காலம். அயர்லாந்தின் டாரா குன்றில் 'பிணையாளிகளின் மேடு' என்ற கல்லறை ஏறத்தாழ 5,000 ஆண்டுப் பழமையானது. பிப்ரவரித் தொடக்கத்திலும் நவம்பர்த் தொடக்கத்திலும் உதய சூரியனின் ஒளி அதன் உள்வழியில் விழுகிறது. கெல்டிக் மொழி அந்தத் தீவுக்கு வருமுன்பே அந்தக் கற்களை அடுக்கியவர்கள் இந்த நாளைக் குறித்து வைத்திருக்கிறார்கள்.

கில்டேரில் பிரிஜிட்டின் மடத்தில் அணையாமல் காத்த தீயை எடுத்துக்கொள்ளுங்கள். 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய வேல்ஸ் நாட்டு ஜெரால்டு, அந்தத் தீயை இருபது பேர் முறைவைத்துக் காத்ததாகச் சொல்கிறார். பத்தொன்பது இரவு பத்தொன்பது கன்னியர். இருபதாம் இரவு யாரும் காவல் இருக்க மாட்டார்கள். "பிரிஜிட், உன் தீயை நீயே பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். காலையில் தீ அணையாமல் இருக்கும். சுற்றியிருந்த வேலியை ஆண்கள் தாண்டக் கூடாது. கன்னியர் மடத்து வழக்கமாக மட்டும் இதை என்னால் பார்க்க முடியவில்லை.

---

பாசையூரான் எழுதியது:

தம்பி, அந்தத் தீ தெய்வத்தின் கோயிலிலிருந்து வந்தது என்று ஜெரால்டு எங்கும் சொல்லவில்லை. அவர் கண்டது கன்னியர் காத்த தீ. 1993-இல் கில்டேர்ச் சதுக்கத்தில் அதைத் திரும்ப ஏற்றியவர்களும் பிரிஜிடின் என்ற சபையைச் சேர்ந்த கன்னியர்தான். பழைய பெயர் ஒன்றாக இருப்பதால் ஆளும் ஒன்று ஆகிவிடுமா? அம்மன் பெயரை வைத்துக்கொண்ட பெண் எல்லாம் அம்மன் ஆகிவிடுவாளா?

---

ஓகம் எழுதியது:

அம்மன் பெயர் வைத்த பெண், அம்மன் திருநாளில், அம்மனுக்கு உரிய பாலும் தீயும் மருத்துவமும் கையில் கொண்டு நின்றால், ஊரார் இருவரையும் பிரித்தா பார்ப்பார்கள்? புனிதப் பெண்மணி வாழவே இல்லை என்று நான் சொல்லவில்லை. மக்கள் இரண்டு பேரையும் ஒரே வாசலில் வரவேற்றார்கள் என்கிறேன்.

---

லிஃபிக்கரை எழுதியது:

இருவரும் என்மேல் வருத்தப்படக் கூடாது. அந்தக் குழந்தை கேட்டது கோரை எங்கே கிடைக்கும் என்று. அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கில்டேரில் கதீட்ரல் மதிலுக்குள் தீ வீட்டின் அடித்தளக் கற்களைப் போய்ப் பாருங்கள். அந்த மண்ணில் கன்னியரும் வருகிறார்கள், பழைய தெய்வத்தை வணங்குகிறவர்களும் வருகிறார்கள். ஒருவரை ஒருவர் விலக்குவதை நான் பார்த்ததில்லை. பிரிஜிட் தெய்வமா புனிதையா என்ற கேள்வியை என் மருத்துவமனையில் உடன் வேலை செய்யும் ஒரு பெண்ணிடம் கேட்டேன். "எங்கள் பாட்டி அவளிடம் பசு நன்றாகப் பால் கறக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வாள். நீ தெய்வமா புனிதையா என்று கேட்டுக்கொண்டா வேண்டுவாள்?" என்றாள்.

இந்த நாள் எனக்கு நெருக்கமாகிவிட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. கோவிட் காலத்தில் இங்கே வேலை செய்தவர்களுக்கு அந்த நாட்கள் எப்படியிருந்தன என்று எழுதத் தொடங்கினால் முடிக்க முடியாது. 2022 ஜனவரியில் அரசு இரண்டு அறிவிப்புகளைச் செய்தது. இறந்தவர்களின் நினைவாகவும் உழைத்தவர்களுக்கு நன்றியாகவும் அந்த ஆண்டு மார்ச் 18 ஒருமுறை மட்டும் விடுமுறை. அடுத்த ஆண்டிலிருந்து பிரிஜிட் திருநாளுக்கு நிரந்தர விடுமுறை. பிப்ரவரியின் முதல் திங்கட்கிழமை. பிப்ரவரி 1 வெள்ளிக்கிழமையாக வந்தால் மட்டும் அந்த வெள்ளியே விடுமுறை. முதல் விடுமுறை 2023 பிப்ரவரி 6 அன்று வந்தது. அயர்லாந்தில் ஒரு பெண்ணின் பெயரால் வந்த முதல் பொது விடுமுறை அது. அன்று பகல் வேலைக்குத்தான் போனேன். கோரைச் சிலுவை ஒன்றை யாரோ செவிலியர் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

---

ஸ்வான்மலை எழுதியது:

நான் பெர்த் நகரில் இருபது ஆண்டுகளாக இருக்கிறேன். யாராக்கரை கேட்ட பருவக் கேள்விக்கு வருகிறேன்.

பழைய ஐரிஷ் சமயத்தைப் பின்பற்றும் சிலர் தென் பாதி உலகத்தில் இம்போல்க்கை ஆகஸ்ட் 1-க்கு மாற்றிக்கொள்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். ஆகஸ்ட் தொடக்கத்தில் உங்கள் விக்டோரியா மாநிலத்தில் ஆட்டுக்குட்டிகள் மேய்ச்சலில் துள்ளுகின்றன, பொழுது நீளத் தொடங்கியிருக்கிறது, தங்க வாட்டில் மரங்கள் மஞ்சளாகப் பூக்கின்றன. அயர்லாந்தில் பிரிஜிட்டுக்கு உரிய பூவும் மஞ்சள்தான், சீமைக்காட்டு முள்ளங்கி என்று நம் ஊரில் சிலர் சொல்லும் டேன்டலியன். கத்தோலிக்கர்கள் இங்கேயும் பிப்ரவரி 1-ஐ விடுவதில்லை.

உங்களுக்கு எது சரி என்பதற்கு என் கருத்து இது. அயர்லாந்தில் பிப்ரவரி 1-இன் பெரிய மகிழ்ச்சி என்ன? டிசம்பர் 21 அன்று டப்ளினில் மாலை 4:08-க்கு மறைந்த சூரியன், பிப்ரவரி 1-இல் 5 மணி வரை நிற்கிறது. தெருவில் யாரைப் பார்த்தாலும் சாயங்காலம் நீண்டுவிட்டது என்றுதான் பேச்சு. அந்த மகிழ்ச்சியைக் கொண்டாட வேண்டும் என்றால் ஆகஸ்ட். பாட்டியையும் அந்தச் சமையலறையையும் நினைத்துக் கொண்டாட வேண்டும் என்றால் பிப்ரவரி. குழந்தைக்கு இப்போது வேண்டியது இரண்டாவது என்று நினைக்கிறேன்.

கோரைக்கு வருவோம். பூங்காவிலும் ஓடைக்கரையிலும் பிடுங்க வேண்டாம், பாதுகாக்கப்பட்ட இடங்களாக இருக்கும். உங்கள் பக்கத்து நர்சரியில் 'ஜங்கஸ்' என்று கேளுங்கள். அயர்லாந்துக் கோரையின் இனம் அது. ஆஸ்திரேலியாவுக்கே உரிய வகைகள் உண்டு, குளத்தோரம் வைக்க விற்பார்கள்.

---

பொருநை ஆச்சி எழுதியது:

நான் சேரன்மகாதேவிப் பக்கம். என் மகள் அயர்லாந்தில் கால்வே நகரில் இருக்கிறாள். முந்தைய குளிர்காலத்தில் அங்கே மூன்று மாதம் இருந்தேன். பேத்தியின் பள்ளியில் சிலுவை பின்னக் கற்றுக்கொடுக்கப் பெற்றோரை அழைத்தார்கள். மகளுக்கு வேலை, நான் போனேன். மொழி தெரியாத இடம். ஆனால் கையில் கோரையைக் கொடுத்ததும் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. எங்கள் பக்கத்தில் பத்தமடைப் பாய் பின்னுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

அவர்கள் கோரை நம் கோரை அல்ல. நம்முடையது மூன்று பட்டையாக இருக்கும். அவர்களுடையது உருண்டை, உரித்தால் உள்ளே வெள்ளையாகப் பஞ்சு போன்ற சோறு. முற்காலத்தில் அந்தச் சோற்றைக் கொழுப்பில் தோய்த்து விளக்குத் திரியாக எரிப்பார்களாம். ஊருக்கு வந்தபின் ஆற்றங்கரைக் கோரையிலும் பின்னிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. காய்ந்த கோரை என்றால் ஓர் இரவு தண்ணீரில் ஊற வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மடிக்கும்போது ஒடியும்.

பின்னும் முறையைச் சொல்கிறேன் தாயே, குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

தடித்த கோரை ஒன்றைச் செங்குத்தாகப் பிடி. இரண்டாவதை நடுவில் மடித்து, முதல் கோரையின் நடுவே மாட்டு. மடிப்பு கோரையைக் கவ்வியிருக்க வேண்டும், இரண்டு முனையும் வலப்பக்கம் நீட்டியிருக்க வேண்டும். இப்போது முழுவதையும் இடப்பக்கமாகக் கால் வட்டம் திருப்பு. வலப்பக்கம் இருந்தது மேலே போகும். அடுத்த கோரையை மடித்து, மேலே போனதை முழுவதும் கவ்வும்படி மாட்டி, வலப்பக்கம் இழு. மறுபடி திருப்பு, மறுபடி மாட்டு. அவ்வளவுதான். ஒவ்வொன்றும் முந்தியதை ஒட்டி அமர வேண்டும், மேலே ஏறக் கூடாது. நடுவில் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொள். விரலை எடுத்தால் எல்லாம் அவிழ்ந்துவிடும். பதினைந்து இருபது கோரை ஆனதும் நடுவில் சதுரம் எழும்பி நிற்கும். நான்கு கைகளின் முனையையும் நூலால் கட்டி ஒரே அளவாக நறுக்கு.

முதல் சிலுவை கோணலாகத்தான் வரும். அதைத் தூக்கிப் போடாதே. கால்வேயில் ஓர் ஆசிரியை, குழந்தைகள் பின்னியதில் எது மிகவும் கோணலோ அதைத் தன் வகுப்புக் கதவின் மேல் வைத்தாள். இந்த ஆண்டு என் பேத்தி தனியாகவே பின்னிப் படம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள்.

---

பாசையூரான் எழுதியது:

ஆச்சி, உங்கள் குறிப்பை எடுத்துப் பங்கில் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். இங்கே பனி மூடிக் கிடக்கிறது, கோரைக்கு வழியில்லை. அயர்லாந்துப் பள்ளிகளிலேயே சின்னக் குழந்தைகளுக்குக் காகித உறிஞ்சுகுழல் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். நாங்களும் அப்படியே செய்கிறோம். ஓகம் தம்பி, உன்னோடு முழுதும் உடன்படவில்லை. ஆனால் இருபதாம் இரவு பற்றி நீ எழுதியதை என் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அவர்களுக்கு வாளைத் தானம் செய்த கதையைவிட அதுதான் பிடித்திருக்கிறது.

---

ஓகம் எழுதியது:

நன்றி அண்ணா. நான் வாள் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

---

யாராக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி சொல்ல வந்தேன். பண்டிகை முடிந்தது.

ஸ்வான்மலை அண்ணா சொன்னபடி நர்சரியில் ஜங்கஸ் தொட்டி இரண்டு வாங்கினோம். பிடுங்க வேண்டும், அறுக்கக் கூடாது என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். வேரோடு வராமல் தண்டு மட்டும் உருவி வரும்படி பிடுங்கினாள். அங்கே கிடைப்பதைவிட மெல்லிய தண்டு, அதனால் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பின்னினோம். ஆச்சி, முதல் சிலுவை நீங்கள் சொன்னபடியே கோணல். அதுதான் இப்போது எங்கள் வாசல் நிலைக்கு மேலே இருக்கிறது.

நாடாவை ஜன்னலில் போட்டோம். இரவில் பிரிஜிட் தொட்டால் நாடா நீளும் என்று பாட்டி அவளுக்குச் சொல்லியிருந்தாராம். படுக்கும் முன் அளந்து 62 சென்டிமீட்டர் என்று தாளில் எழுதி வைத்தாள்.

கதவு தட்டும் சடங்கை எப்போது செய்வது என்பதில்தான் குழப்பம். பாட்டியும் கூட இருக்க வேண்டும் என்றாள் மகள். இரண்டு ஊருக்கும் 11 மணி நேர வேறுபாடு. ஆகவே பிப்ரவரி 1, ஞாயிறு காலை 7 மணிக்குப் பாட்டியை வீடியோவில் அழைத்தோம். அங்கே ஜனவரி 31, இரவு 8 மணி. சரியாகக் கோரை வீட்டுக்குள் வரும் வேளை. தொலைபேசியை உணவு மேசையின் மேல் சாய்த்து வைத்துவிட்டு நானும் கணவரும் முழந்தாளிட்டோம். மகள் தொட்டியில் மிஞ்சிய கோரையைக் கட்டி எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வெளியே நல்ல வெயில். கதவைத் தட்டிப் பாட்டி கற்றுக்கொடுத்த வரியை ஐரிஷிலேயே சொன்னாள்.

எனக்கு அந்த நேரத்தில் பதில் வாயில் வரவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது. மேசைமேல் இருந்து பாட்டிதான் உரக்கச் சொன்னார், "ஷே பஹா, ஷே பஹா" என்று. அவருக்குப் பின்னால் சுவரில், நாங்கள் கொடுத்துவிட்டு வந்த சென்ற ஆண்டுச் சிலுவை தெரிந்தது.

நாடா 63 சென்டிமீட்டர் இருக்கிறது என்கிறாள்.